செயற்கைக்கோளுக்குத் தெரிகிற நிலமும் தெரியாத வீடும்

பெரம்பூரில் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் மாணவி ஒருவர் அத்திப்பட்டுப் பக்கம் ஒரு காலனியைச் சேர்ந்தவர். புவியியல் இளங்கலை படிக்கிறார். கல்லூரியில் கொடுத்த வேலைக்காக எண்ணூர்ப் பகுதியின் பழைய செயற்கைக்கோள் படம் ஒன்றைப் பதிவிறக்கிக் கணினியில் விரித்து வைத்திருந்தார். தொண்ணூறுகளில் எடுக்கப்பட்ட லேண்ட்சாட் படம். கடல் கறுப்பாக, கொசஸ்தலை ஆறு கையை விரித்தாற்போல, செடிகொடி எல்லாம் சிவப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆறு தெரியுது, பவர் ஹவுஸ் தெரியுது, எங்க காலனி மட்டும் எங்கேன்னே தெரியல" என்றார்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் 22 சென்ட். ஆதிதிராவிடர் காலனிகளில் அரசு கொடுத்த மனை இரண்டு சென்ட், மூன்று சென்ட். ஏழெட்டு வீடும் நடுவில் ஒரு தெருவும் அந்த ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். கூரையும் வேப்பமரமும் மண் தெருவும் கலந்து ஒரே நிறமாகிவிடும். அந்த நிறத்தைக் கணினி 'முட்புதர்' என்றோ 'தரிசு' என்றோ பெயர் சூட்டிவிட்டு நகர்ந்துவிடும். ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு நாலரைப் புள்ளி. நூறு ஏக்கர் வளைத்த நிறுவனத்துக்கு நானூற்றைம்பது புள்ளி. வானத்திலிருந்து பார்த்தாலும் பெரிய இடம் பெரிதாகத்தான் தெரிகிறது.

இதற்காகச் செயற்கைக்கோளே நமக்கு ஆகாது என்று சொல்ல வரவில்லை. நேர்மாறாக, கடந்த இருபது ஆண்டுகளில் சாதாரண மக்கள் கைக்கு வந்த கருவிகளில் இதைப் போல் பயனுள்ளது குறைவு என்பேன்.

ஆற்றைத் தின்ற வரைபடம்

எண்ணூரில் நடந்ததைப் பலர் மறந்திருக்கலாம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரமும், அதைச் சுற்றிய உப்பங்கழியும், சதுப்பும், அலையாத்திப் புதர்களும், உப்பளங்களும் சேர்ந்த நீர்நிலம் அது. வடக்கே பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பழவேற்காடு ஏரியோடு அதற்குத் தொடர்பு உண்டு. 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி, அலை ஏறி இறங்கும் இத்தகைய இடங்களில் தொழிற்சாலை கட்டக் கடும் கட்டுப்பாடு. 1996-இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒப்புதல் தந்த வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் முழுவதும் அப்படிப்பட்ட பாதுகாக்கப்பட்ட பகுதியாகத்தான் குறிக்கப்பட்டிருந்தது.

பிறகு வேறொரு வரைபடம் புழக்கத்துக்கு வந்தது. அதில் கழிமுகம் இல்லை. ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, அலை ஏறுகிறது, இறால் பிடிக்கிறார்கள். காகிதத்தில் மட்டும் அந்த இடம் வெறும் நிலம். 2017-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சூழலியல் செயற்பாட்டாளர்கள் வெளிப்படுத்தியபோதுதான் விவகாரம் ஊருக்குத் தெரிந்தது. ஆறாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நீர்ப்பரப்பு வரைபடத்திலிருந்து துடைக்கப்பட்டிருந்தது என்பது அவர்களின் கணக்கு. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே என்னென்ன வந்தன என்பது ரயிலில் கும்மிடிப்பூண்டி போகிற யாருக்கும் தெரியும். 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், அதாவது இன்றைய காமராசர் துறைமுகம். வல்லூர் அனல்மின் நிலையம். வடசென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டாம் கட்டம். நிலக்கரிக் கிடங்கு, எண்ணெய்க் கிடங்கு.

இந்தப் பொய்யை மறுக்கச் செயற்கைக்கோள் படம் கைகொடுத்தது. அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசை 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகிறது. 2008-இல் அந்தப் பழைய படங்கள் எல்லாவற்றையும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். இந்தியாவின் ஐ.ஆர்.எஸ். 1ஏ 1988-இல் ஏவப்பட்டது. இஸ்ரோவின் 'புவன்' தளத்தில் இன்று யாரும் படம் பார்க்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 பத்து மீட்டர் துல்லியத்தில் சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வந்து போகிறது. ஒரு ஆண்டில் ஓர் இடத்தில் நீர் இருந்ததா, சாம்பல் இருந்ததா, கட்டடம் இருந்ததா என்பதற்கு இப்போது அலுவலக முத்திரை தேவையில்லை. வரைபடம் ஒருவர் வரைவது. அதில் எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்பது வரைகிறவர் கையில் இருக்கிறது. படம் அப்படியல்ல. அதற்கு வேறு குறைகள் உண்டு. ஆனால் யாருக்காகவும் ஓர் ஆற்றை விழுங்காது.

எப்படி என்று ஊர்ப்பக்க மாணவர்கள் கேட்பார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். சூரிய ஒளி தரையில் பட்டுத் திரும்புகிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவில் திருப்பி அனுப்பும். நீர் அந்த அகச்சிவப்பை விழுங்கிவிடும். இந்த இரண்டின் வித்தியாசத்தை வைத்துத் தாவரக் குறியீடு, நீர்க் குறியீடு என்று கணக்கிடுகிறார்கள். இரண்டு ஆண்டுகளின் கணக்கை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் எங்கே பச்சை போயிற்று, எங்கே நீர் போயிற்று என்பது தெரியும். நிலப் பயன்பாட்டு மாற்றம் என்று கல்லூரியில் படிப்பதன் சாரம் இவ்வளவுதான்.

சாம்பல் விஷயத்தில் இது தெளிவாகவே தெரிந்தது. நிலக்கரி எரித்த சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடையும். உடைந்த இடத்திலிருந்து வெளிறிய சாம்பல் நாக்கு போல ஆற்றுக்குள் நீளும். 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கொசஸ்தலை ஆற்றுக்கும் உப்பங்கழிக்கும் சாம்பல் கழிவால் நேர்ந்த கேட்டுக்கு மின்வாரியமே பொறுப்பு என்று கூறிச் சீரமைப்புக்கு உத்தரவிட்டது. ஆற்றுக்குள் இறங்கி நின்று, முன்பு எங்கே ஆழம் இருந்தது, இப்போது எங்கே முழங்கால் அளவு என்று காட்டிய மக்களின் உழைப்பு அந்தத் தீர்ப்பின் பின்னால் இருக்கிறது. கலங்கிய நீரின் ஆழத்தை மேலிருந்து எடுத்த சாதாரணப் படம் சொல்லாது. ஆறு அகலமாகத்தான் தெரியும். அடியில் சாம்பல் எவ்வளவு என்பது காலுக்குத்தான் தெரியும்.

வாயில் பறியைக் கவ்விக்கொண்டு கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் பழவேற்காடு முதல் எண்ணூர் வரை இருக்கிறார்கள். அவர்களுக்குப் படகு இல்லை. பெரிய வலை இல்லை. ஆழம் குறைவதையும் சேற்றின் பிசுபிசுப்பு மாறுவதையும் முதலில் அறிகிற உடல் அவர்களுடையது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கிக் கழிமுகத்தில் பரவியபோதும், இழப்பீடு என்று பேச்சு வந்ததும் எல்லோரும் படகுகளைத்தான் எண்ணினார்கள். கைகளை யார் எண்ணுவது?

'தரிசு' என்று யார் சொன்னது?

இந்தத் துறையில் எனக்கு உறுத்துகிற ஒரு சொல் உண்டு: தரிசு. தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்து நாட்டின் தரிசுநில வரைபடத் தொகுப்பை 2000 முதல் சில பதிப்புகளாக வெளியிட்டிருக்கிறது. உவர் நிலம், சதுப்பு, கடலோர மணல், முட்புதர்க் காடு எல்லாம் அதில் தரிசின் வகைகள். தமிழ் படித்தவன் என்பதால் இது எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது. மணலும் உப்பும் கழியும் சேர்ந்த நிலத்துக்கு நெய்தல் என்று பெயர் வைத்து ஒரு வாழ்க்கையையே கண்ட மொழி இது. வெள்ளைக்காரன் வருவாய்த்துறைக்கு வரி தராத நிலமெல்லாம் வீண்நிலம். அந்தச் சொல் கணினிக்குள்ளும் ஏறிவிட்டது.

புறம்போக்கு என்ற சொல்லும் அப்படித்தான் வசையானது. ஊருக்குப் பொதுவான நிலம் என்பதே அதன் பொருள். 2017 தொடக்கத்தில் டி.எம்.கிருஷ்ணா பாடி வந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' எண்ணூரை முன்வைத்து அந்தச் சொல்லைத்தான் மீட்கப் பார்த்தது.

சேரிக்காரர்களுக்குத் தரிசோடு வேறொரு வரலாறும் உண்டு. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், தன் மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நிலம் இல்லாததே அவர்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்றது அது. அதன் விளைவாக 1892-இல் பிறந்த அரசாணையின் வழியே தரிசாகக் கிடந்த நிலங்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்ற வேண்டும். அதுதான் பஞ்சமி நிலம். பொன்னேரி வட்டம் அப்போது அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது என்பதை இன்றைய திருவள்ளூர் மாவட்ட வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் வரை ஒதுக்கப்பட்டதாகத் தலித் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அதில் பெரும்பகுதி பிறர் கையில் இருக்கிறது. அதை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டபோது, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

அந்த நிலங்கள் இன்று என்னவாகியிருக்கின்றன? வயலா, செங்கல் சூளையா, பண்ணை வீடா, கண்டெய்னர் நிறுத்துமிடமா? மனு கொடுத்தால் 'ஆய்வில் உள்ளது' என்று பதில் வரும். இங்கேதான் நம் பிள்ளைகள் படித்த தொலையுணர்வுப் படிப்பு வேலைக்கு உதவும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் புல எண்ணும், நிலத்தின் வகையும், குறிப்புப் பகுதியில் நிபந்தனையும் இருக்கும். 'அ' பதிவேட்டு விவரத்தை அரசின் இணையதளத்திலும் பார்க்கலாம். புலப்படத்தில் அந்த எண்ணின் எல்லை இருக்கும். அந்த எல்லையைக் கூகுள் எர்த் படத்தில் பொருத்தி, ஆண்டு வாரியாகப் பின்னோக்கி நகர்த்தினால், எந்த ஆண்டு மண் கொட்டினார்கள், எந்த ஆண்டு சுவர் எழும்பியது என்பது கண்முன் தெரியும். பதிவேடு 'யாருடையது' என்று சொல்லும். படம் 'என்ன ஆயிற்று' என்று சொல்லும். ஒன்று மட்டும் இருந்தால் மனு. இரண்டும் சேர்ந்தால் வழக்கு.

அதே படம், வேறு கை

ஆனால் இந்தக் கத்திக்கு மறுமுனையும் உண்டு. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று வழக்கு வரும்போதெல்லாம் இதே செயற்கைக்கோள் படங்கள்தான் மேசைக்கு வருகின்றன. பழைய படத்தில் நீர், புதிய படத்தில் வீடு, ஆகவே இடி. 2015 வெள்ளத்துக்குப் பின் கூவக் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் குடிசைகளை அகற்றி மக்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பெரும்பாக்கத்திலும் அதன் சுற்றிலும். அது பள்ளிக்கரணைச் சதுப்பின் வெள்ளம் தேங்கும் பகுதி. அந்தச் சதுப்பு ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேர் அளவில் இருந்து இன்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்பதைச் சொன்னதும் இதே வகைப் படங்கள்தான். அதைத் தின்றது ஐ.டி. கட்டடங்களும் பெருங்குடிக் குப்பைமேடும் சாலைகளும். ஆற்றங்கரையில் இருந்தால் ஆக்கிரமிப்பு, சதுப்பில் அடுக்குமாடி கட்டிக் கொண்டுபோய் இறக்கினால் மறுவாழ்வு. மிக்ஜாம் புயலில் பெரும்பாக்கத்தில் தண்ணீர் நின்றபோது யாரும் படத்தை எடுத்துக் காட்டவில்லை.

பெரம்பூர்க்காரர்களுக்கு இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பக்கத்தில் கொடுங்கையூர். முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட குப்பைக் கிடங்கு, சுற்றிலும் கூலி வேலை செய்வோர் குடியிருப்பு. அந்தப் பக்கம் அத்திப்பட்டு அருகே, மின்நிலையத்துச் சாம்பல் குளத்தின் கரையை ஒட்டியே தலித் குடும்பங்கள் வாழும் செப்பாக்கம். காற்றடித்தால் சோற்றில் சாம்பல். இவை தற்செயலாக அமைந்தவையா?

அமெரிக்காவில் 1987-இல் ஒருவர் அல்ல, ஒரு திருச்சபை இந்தக் கேள்வியைக் கேட்டது. ஐக்கிய கிறிஸ்துத் திருச்சபையின் இனநீதி ஆணையம், நச்சுக் கழிவுக் கிடங்குகள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தையும், அஞ்சல் குறியீட்டு எண் வாரியாக அங்கே யார் வாழ்கிறார்கள் என்ற மக்கள்தொகைக் கணக்கையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தது. கிடங்கு எங்கே வரும் என்பதைச் சொல்வதில் வருமானத்தை விட, வீடுகளின் மதிப்பை விட, இனமே வலுவான காரணியாக இருந்தது என்று கண்டது. சூழலியல் நீதி என்ற பேச்சு அங்கே வலுப்பெற்றது அதன் பிறகுதான்.

நம்மிடம் அதற்கான தரவு இல்லையா? இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும், நகரில் ஒவ்வொரு வார்டுக்கும் பட்டியல் சாதியினர் எண்ணிக்கை தனிப் பத்தியாக அச்சாகியிருக்கிறது. சாம்பல் குளம், குப்பைமேடு, கழிவுநீர் நிலையம், நிலக்கரிக் கிடங்கு எல்லாம் படத்தில் தெரிகின்றன. இரண்டையும் பொருத்துவது முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் செய்து முடிக்கிற வேலை. நிலப் பயன்பாட்டு மாற்றம் பற்றிய ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் வருகின்றன. நான் புரட்டிய சிலவற்றில் 'கட்டடப் பரப்பு கூடியது, நீர்ப்பரப்பு குறைந்தது' என்று வண்ணம் தீட்டிய படத்தோடு முடிகிறது. யாருடைய நீர், யாருடைய கட்டடம் என்ற வரி இல்லை. கணினிக்குச் சாதி தெரியாது, சரி. ஆய்வாளருக்குமா?

ஏமாறாமல் இருக்க

இந்த வேலையில் இறங்க நினைக்கும் மாணவர்களுக்கு அனுபவத்தில் கண்ட சில எச்சரிக்கைகள். எண்ணூர்க் கடற்கரையில் அலையேற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம் வரும். தட்டையான கழிமுகத்தில் அந்த ஒரு மீட்டர் பெரிய பரப்பை நனைக்கும், உலர்த்தும். ஒரு ஆண்டு ஏற்றத்தில் எடுத்த படத்தையும் மற்றோர் ஆண்டு இறக்கத்தில் எடுத்த படத்தையும் ஒப்பிட்டு 'நீர் மறைந்தது' என்று எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஐந்து நிமிடத்தில் உங்களை உட்கார வைத்துவிடுவார். ஒரே மாதத்துப் படங்களை எடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மேகம் மூடியிருக்கும்; ஜனவரிக்குப் பின் வானம் தெளியும்.

சீமைக்கருவேலமும் பச்சைதான். அலையாத்தி அழிந்த கரையில் அது மண்டினால், தாவரக் குறியீடு குறையாது. சில இடங்களில் கூடவும் செய்யும். 'பசுமைப் பரப்பு அதிகரித்துள்ளது' என்று ஒரு நிறுவனத்தின் அறிக்கையில் வந்தால் எந்தப் பச்சை என்று கேளுங்கள். அதேபோல், மேலே தண்ணீர் தேங்கிய சாம்பல் குளம் நீர்க் குறியீட்டில் நீர்நிலையாகவே ஏறிவிடும். ஏரியும் சாம்பல் குளமும் ஒரே நீலம்! கணினி தருகிற ஒவ்வொரு நிறத்தையும் தரையில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று பாடப்புத்தகமே சொல்கிறது. களச் சரிபார்ப்பு என்று அதற்குப் பெயர். பலர் அதைத்தான் தவிர்க்கிறார்கள், வெயில்.

நாற்றமும் நோயும் படத்தில் இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். காலையில் வானத்திலிருந்து எடுத்த படத்தில் அந்தக் கடல் எப்போதும் போல் நீலமாகத்தான் இருந்திருக்கும்.

அந்த மாணவி தன் காலனியைக் கண்டுபிடித்துவிட்டார். லேண்ட்சாட்டில் அல்ல, கூகுள் எர்த்தின் பிந்தைய படம் ஒன்றில், கூரை கூரையாக. தன் வீட்டைச் சுற்றி முதலில் ஒரு கட்டம் போட்டார். பிறகு, பாட்டி சொன்ன அடையாளங்களை வைத்துக் குளம், சுடுகாட்டுப் பாதை, மாடு மேய்த்த மேடு என்று மூன்று இடங்களைக் குறித்தார். குளம் இருந்த இடத்தில் இப்போது லாரி நிற்கிறது. அந்த இடத்தின் புல எண் என்ன, 'அ' பதிவேட்டில் என்ன வகை என்று கேட்டிருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரிலிருந்து ஐந்து பேர், பேசின்பிரிட்ஜில் வண்டி மாறி, அத்திப்பட்டுப் புதுநகரில் இறங்கி நடக்கப் போகிறோம். பாட்டியும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். குளத்துக்கு எத்தனை படி இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.